ஐந்து முப்பத்தெட்டுக்கு நின்ற கடிகாரம்

பட்டாபி இருபத்தெட்டாவது படியில் மூச்சு வாங்கினார். இன்னும் முப்பத்தாறு பாக்கி.

கீழே டிரஸ்ஸிங் ரூமிலிருந்து டூர் கைடு ஷிஜாவின் குரல் மைக்கே இல்லாமல் கோபுரம் ஏறி வந்தது. “இந்த பெஞ்சிலாக்கும் அந்தக் காலத்து கேப்டன்மாரெல்லாம் இருந்தது. ஆரும் உக்காராதீங்க கேட்டோ, ஒரு கால் ஆடுது!”

கூட்டம் சிரித்தது. நல்லது, சிரிக்கட்டும். டிரஸ்ஸிங் ரூமில் ஐந்து நிமிஷம், அலமாரி சைஸில் இருக்கும் ரெஃபரி அறையில் இரண்டு நிமிஷம், மைதானத்துக்குப் போகும் சுரங்கவழியில் ஒரு செல்ஃபி. அதற்கப்புறம் எல்லோரும் இங்கேதான் வரப் போகிறார்கள். ஆகக் கூடிப் போனால் பத்து நிமிஷம். அறுபத்திரண்டு வயசு முழங்கால் அதில் எட்டைக் கேட்டது.

பட்டாபி குடையை ஊன்றிக்கொண்டு ஏறினார். திருவனந்தபுரம் திவான் ஸ்டேடியத்தின் கடிகாரக் கோபுரம் இருபது வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. போன வாரம் வாட்ஸ்அப்பில் அறிவிப்பு வந்தது. ‘ஸ்டேடியத்தின் திரைமறைவு. சனிக்கிழமை ஒன்பதரை மணி டூர், தமிழில். முதன்முறையாகக் கோபுர அறையும், கடிகாரத்துக்குச் சாவி கொடுத்த பழைய ரிஜிஸ்டர்களும் பார்வைக்கு.’ அதைப் படித்த நிமிஷத்திலிருந்து வலியசாலை வீட்டில் அவருக்குக் காப்பி இறங்கவில்லை.

அறுபத்துநாலாவது படி. கதவு திறந்தே இருந்தது.

நடுவில் கடிகாரத்தின் இரும்பு உடம்பு, பல் சக்கரங்களோடு, செத்துப்போன யானை மாதிரி நின்றது. சுவரோரம் ஒரு மேஜை. அதன்மேல் வரிசையாக ரிஜிஸ்டர்கள். ‘தொடாதீர்கள்’ என்று மூன்று பாஷையில் எழுதி வைத்திருந்தார்கள். பூட்டு மட்டும் எந்தப் பாஷையிலும் இல்லை.

1986. தடித்த சிவப்பு அட்டை. பட்டாபியின் விரல்கள் நாற்பது வருஷத்தைப் பத்து வினாடியில் புரட்டின. செப்டம்பர் ஐந்து, ஆறு... ஏழு.

இருந்தது. அவருடைய கையெழுத்திலேயே இருந்தது.

பட்டாபி கண்ணை மூடிக்கொண்டு கிழித்தார். அந்தச் சத்தம் கீழே மைதானம் வரை கேட்டிருக்கும் என்று தோன்றியது. தாளை நாலாக மடித்து மூக்குக்கண்ணாடிக் கூட்டில் திணித்து, கூட்டைச் சட்டைப் பையில் போட்டு, ரிஜிஸ்டரை மூடி வைத்தபோது படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது.

மணி பத்து அடிக்கப் பன்னிரண்டு நிமிஷம். சனிக்கிழமை. ஒன்பது முதல் பத்தரை வரை ராகுகாலம். ராகுகாலத்தில் பட்டாபி ஒரு காரியத்தையும் தொடங்கியதில்லை. ஆனால் வீட்டை விட்டு எட்டே முக்காலுக்கே இறங்கிவிட்டார். ஆகவே இது தொடக்கமில்லை, தொடர்ச்சி. இப்படிப்பட்ட சட்ட நுணுக்கங்களில் அவரை மிஞ்ச அக்ரஹாரத்தில் ஆளில்லை.

அந்த நுணுக்கம்தான் நாற்பது வருஷத்துக்கு முன்னால் வினையாக முடிந்தது.

* * *

அப்போது பட்டாபிக்கு இருபத்திரண்டு வயசு. ஸ்டேடியம் ஆபீஸில் கடைநிலை கிளார்க். கோபுரக் கடிகாரத்துக்குத் தினமும் நாலு மணிக்குச் சாவி கொடுத்து, கொடுத்த நேரத்தை ரிஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அனந்தை கோப்பை ஃபுட்பால் ஃபைனல். சாலை கடைத்தெருக்காரர்களான நம்ம சாலை யுனைடெட்டும் கொல்லத்துக் கிளப்பும். யாரோ மந்திரி வருகிறார் என்று போலீஸ் படிக்கட்டை மறித்துவிட்டது. மன்றாடி மேலே வந்து சேர்ந்தபோது மணி நாலு முப்பத்திரண்டு. சாவியைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

ஞாயிறு ராகுகாலம் நாலரைக்குத் தொடங்கி ஆறு மணிக்கு முடியும்.

நின்றுபோனால் அதை ராகுகாலத்தில் ஓடவிடுவதா? ஓடிக்கொண்டிருப்பதற்கே அந்த நேரத்தில் சாவி கொடுப்பதா? இரண்டும் கூடாது. ஆறு மணி வரை தாங்கும் என்று கணக்குப் போட்டார் பட்டாபி. கடிகாரம் வேறு கணக்குப் போட்டது. ஐந்து முப்பத்தெட்டுக்கு ஒரு முனகல், அவ்வளவுதான்.

கீழே கொட்டுகிற மழையில் பந்தும் ஆட்களும் ஒரே நிறமாக இருந்தார்கள். ஒன்றுக்கு ஒன்று சமம். ஐந்து நாற்பத்தைந்துக்கு முடிய வேண்டிய ஆட்டம் முடியவில்லை. ஐம்பது ஆயிற்று. விசில் இல்லை. கொல்லத்துக்காரர்கள் கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டிக் கத்தினார்கள். சாலை ஆட்கள் யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. நமக்கு வேண்டிய நேரம் ஓடும்போது மணி பார்க்கிறவன் மடையன்.

ஐந்து ஐம்பத்தாறுக்குச் சாலை யுனைடெட்டின் வேலாயுதன் கோல் அடித்தான். சரித்திரம் ஆகிவிட்டது.

பட்டாபி சாவியும் கையுமாக ஆறு மணி வரை நின்றார். ஆறு ஒன்றுக்குச் சாவி கொடுத்து, முள்ளைச் சரியாகத் திருப்பி வைத்து, ரிஜிஸ்டரில் உள்ளது உள்ளபடி எழுதினார். வாயால் பொய் சொல்வது வேறு, சர்க்கார் ரிஜிஸ்டரில் பொய் எழுதுவது வேறு.

வாயால் சொல்லும் வேளையும் வந்தது. கொல்லத்துக்காரர்கள் புகார் கொடுக்க, கமிட்டி உட்கார்ந்தது. “என் வாட்ச் மழையில நின்னுபோச்சு. கோபுரக் கடிகாரத்தைப் பாத்துதான் ஆட்டத்தை ஓட்டினேன்” என்றார் ரெஃபரி. கமிட்டி பட்டாபியைக் கூப்பிட்டு, கடிகாரம் நின்றதா என்று கேட்டது. “நிக்கலை சார். ஓடிண்டேதான் இருந்தது” என்றார் பட்டாபி. ரிஜிஸ்டரைப் பார்க்க வேண்டும் என்று கமிட்டிக்கும் தோன்றியது. அறுபத்துநாலு படி என்று யாரோ சொன்னார்கள். அப்புறம் தோன்றவில்லை. கோப்பை சாலை யுனைடெட்டிடமே இருந்தது. ரெஃபரியின் விசிலைப் பிடுங்கினார்கள். அடுத்த மாதமே பட்டாபிக்கு வேறு ஆபீஸுக்கு மாற்றல். ரிஜிஸ்டர் மேலேயே தங்கிவிட்டது.

இப்போது அந்த கோலுக்கு நாற்பதாம் ஆண்டு விழா. நாளை விட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேடை. அழைப்பிதழில் வேலாயுதன் பெயருக்குக் கீழே, ‘அன்றைய கடிகாரக் காவலர் திரு. பட்டாபி அவர்களுக்குப் பொன்னாடை’ என்று போட்டிருந்தது. அவர் மனைவி ராஜஸ்ரீ பாலராமபுரம் வேட்டி எடுத்து இஸ்திரியும் போட்டு வைத்தாயிற்று. இந்தத் தாளை யாராவது படித்தால் விழுகிறது பொன்னாடையாக இருக்காது. சாலை கடைத்தெருவில் ஒரு கிலோ புளி வாங்கக்கூட அவர் தலை காட்ட முடியாது.

* * *

“சாரே! எந்தா இது? உங்களைக் காணாம நான் பேடிச்சுப் போயி!”

ஷிஜா இடுப்பில் கை வைத்து நின்றாள். ஆரியசாலைப் பெண். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், வேலையில் இரண்டும். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருவராக ஏறி வந்து சுவரைப் பிடித்துக்கொண்டார்கள்.

“பழைய இடமோன்னோ. கால் தானா வந்துடுத்து” என்றார் பட்டாபி.

“கண்டோ! இவராக்கும் நான் சொன்ன ஆள்” என்று ஷிஜா கூட்டத்திடம் பெருமையாகச் சொன்னாள். “அன்னிக்கு இந்தக் கடிகாரத்தைக் காத்தவர். ஒரு கை தட்டுங்க!”

தட்டினார்கள். பட்டாபி கும்பிட்டார். சட்டைப் பையில் கண்ணாடிக் கூடு நெருப்பாகச் சுட்டது.

ஷிஜா ஜன்னலைத் திறந்து கோல் கம்பத்தைக் காட்டினாள். “அவிடேயாக்கும் வேலாயுதன் சார் நின்னது. மழை. செளி, சேறு. இடது காலால ஒரே அடி! வலை ஆடி நிக்கல்ல, அதுக்குள்ள விசில். மேட்ச் தீர்ந்து! கொல்லத்துக்காரங்களுக்குப் பந்தை நடுவுல வைக்கக்கூட சமயம் கிட்டல்ல.”

“நானும் பாக்கலாமா பிள்ளே, அந்த ரிஜிஸ்டரை?”

கேட்டவர் கதவருகே நின்ற ஒல்லியான மனிதர். அறுபத்தெட்டு, எழுபது இருக்கும். வந்ததிலிருந்து வாயே திறக்காதவர்.

“எந்த வருஷம் வேணும், சார்?”

“எண்பத்தாறு. செப்டம்பர் ஏழு.”

பட்டாபி குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“அது அந்த மேட்ச் நாளல்லோ!” என்றாள் ஷிஜா. “சார் அன்னிக்கு வந்திருந்தீங்களா?”

“வந்திருந்தேன். விசில் ஊதுனதே நான்தான். எனக்க பேரு ஜெயன். நாகர்கோவில்.”

கழக்கூட்டம் ஐ.டி. பார்க்கிலிருந்து வந்திருந்த தம்பதி போனை உயர்த்தினார்கள். பட்டாபி ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்தார். குதித்தால் நேராக பெனால்டி பாக்ஸ்.

ஷிஜா பரபரப்பாகப் புரட்டினாள். ஆறாம் தேதி. எட்டாம் தேதி. மறுபடி ஆறு. நடுவில் தையலோரம் ஒரு கிழிசல், பழுப்புத் தாளில் பல் விளக்கிய மாதிரி வெள்ளையாகச் சிரித்தது.

“அய்யோ! ஆரோ கீறி எடுத்துட்டாங்க! நேத்து சாயங்காலம் நான்தான் எண்ணி ஒப்பிட்டது, அப்போ இருந்துச்சு!” அவள் பட்டாபியிடம் திரும்பினாள். “சாரே, நீங்க எக்ஸ்பர்ட் அல்லே. இது எப்படி ஆயிருக்கும்?”

“எலியாக்கும்” என்றார் பட்டாபி.

“எலி இத்தற நேரா கிழிக்குமா சார்? ஸ்கேல் வெச்சா?”

“கோபுரத்து எலிக்கெல்லாம் பல் கூர்மை ஜாஸ்தி, கேட்டியா...”

ஒருவரும் சிரிக்கவில்லை. ஜெயனின் பார்வை பட்டாபியின் முகத்திலிருந்து மெதுவாக இறங்கியது. கறுப்புக் குடையின்மேல் பழுப்பாக ஒரு பொடி, நகக்கண் அளவு காகிதத் துணுக்கு. பட்டாபியும் அதைப் பார்த்தார். ஜெயன் பார்த்ததையும் பார்த்தார். துடைக்கவும் முடியாது, விடவும் முடியாது.

“போலீஸைக் கூப்பிடட்டா?” என்றார் ஐ.டி.க்காரர்.

“வேண்டாம்” என்றார் ஜெயன். “ஒரு காகிதத்துக்குப் போலீஸ் எதுக்கு மக்கா? எனக்குக் கொடுத்து வைக்கல்ல. அவ்வளவுதான்.”

“சார் எதுக்கு அதைத் தேடினீங்க?”

“நாப்பது வருஷமா எனக்குக் கைக்கூலி ஜெயன்னு பேரு பிள்ளே. சாலைக்காரன் கிட்ட துட்டு வாங்கிட்டு நேரத்தை நீட்டுனவன்னு. ஒத்தப் பைசா வாங்கல்ல. கடிகாரம் நின்னுதுன்னு சொன்னேன், எவனும் நம்பல்ல. அன்னைக்கோட விசில் போச்சு. இப்ப விழாவுக்கு மலர் போடுதாங்களாம். அதுல ‘சர்ச்சைக்குரிய ரெஃபரி’ன்னு என் பேரு அச்சாகப் போவுது. திங்கக்கிழமை அச்சுக்குப் போவும். அதுக்குள்ள இந்தக் கடிகாரம் நின்னதுக்கு ஒரு துண்டுச் சீட்டு கிடைச்சா அந்த வரியை எடுத்திருவாங்க. பேரப்பிள்ளைங்க படிக்கும்லா.”

அவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை. பட்டாபியைப் பார்த்து ஒரு வணக்கம் வைத்தார். அதுதான் தாங்கவில்லை.

“நீரு நல்லா இருக்கீரா ஓய்? கமிட்டி ரூம்ல பாத்தது” என்றார் ஜெயன். “அப்ப மீசை கூட முளைக்கல்ல உமக்கு.”

* * *

டூர் முடிந்தது. வாசலில் வேலாயுதனின் சிமெண்டுச் சிலை இடது காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. அதன் நிழலில் இருந்த பெஞ்சில் ஜெயன் தனியாக உட்கார்ந்திருந்தார். ஒரு ஆட்டோ வந்து நின்றது. அவர் அதைப் போகச் சொன்னார்.

இருபதடி தள்ளி, இளநீர் வண்டியின் பின்னால், பட்டாபி நின்றிருந்தார். மணி பத்து இருபது.

கொடுத்துவிட வேண்டும். அதில் சந்தேகமில்லை. பொன்னாடை போனால் போகிறது, வேட்டிக்கு வேறு கல்யாணம் வரும். சாலைக்காரன் திட்டினால் புளியை ஆன்லைனில் வாங்கிக்கொள்ளலாம். ஒரு மனுஷன் நாற்பது வருஷம் தன்னால் தலை குனிந்திருக்கிறான். கொடுத்துவிட வேண்டும். பத்தரைக்குக் கொடுக்க வேண்டும். பத்து முப்பத்தொன்றுக்கு என்றால் இன்னும் விசேஷம்.

இரண்டாவது ஆட்டோ வந்தது. ஜெயன் அதையும் அனுப்பினார். மணி பத்து இருபத்து மூன்று.

கிழித்தது தொடர்ச்சி என்று வைத்துக்கொண்டாயிற்று. கொடுப்பது? அது புதுக் காரியம். சுத்தமான தொடக்கம். எந்த நுணுக்கத்திலும் அடங்காது. இன்னும் ஏழு நிமிஷம்தான்...

மூன்றாவது ஆட்டோ. ஜெயன் எழுந்தார். தம்பானூர் பஸ் ஸ்டாண்டு என்று சொல்வது காதில் விழுந்தது. ஒரு காலை உள்ளே வைத்தார்.

சாவியும் கையுமாக இருபத்திரண்டு நிமிஷம் நின்ற அந்தச் சாயங்காலம் பட்டாபியின் கண்முன் வந்தது. இளநீர் வண்டியை இடித்துக்கொண்டு ஓடினார்.

“ஜெயன் சார்! நில்லுங்கோ! ஒரு நிமிஷம் நில்லுங்கோ!”

மணி பத்து இருபத்தைந்து. அறுபத்திரண்டு வருஷத்தில் முதல்தடவையாகப் பட்டாபி ராகுகாலத்தில் ஒரு காரியத்தைத் தொடங்கினார். கண்ணாடிக் கூட்டைத் திறந்து, தாளை எடுத்து நீட்டினார்.

“நான்தான் கிழிச்சேன். இப்போதான். கமிட்டியிலே பொய் சொன்னதும் நான்தான். கடிகாரம் நின்னுபோச்சு சார். ராகுகாலம்னு நான் சாவி கொடுக்கலை. எல்லாம் இதிலே எழுதியிருக்கேன். எங்கே வேணா வந்து சொல்றேன், மேடையிலேயே வேணாலும் சொல்றேன். என்னை மன்னிச்சுடுங்கோ.”

ஜெயன் ஆட்டோவிலிருந்து காலை எடுத்தார். தாளை விரித்து, கண்ணுக்கு எட்டத்தில் பிடித்து, ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார். நின்றது 5.38. சாவி கொடுத்தது 6.01. காரணம்: ராகுகாலம். கீழே கையெழுத்து.

“அழகான கையெழுத்து ஓய் உமக்கு” என்றார். கண் கலங்கியிருந்தது. “குடையில காகிதத்தைப் பாத்தப்பவே தெரியும். நீரா வந்து தருவீரான்னுதான் ரெண்டு ஆட்டோவை விட்டேன்.”

இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஆட்டோக்காரர் மலையாளத்தில் என்னவோ முனகிக்கொண்டு போனார். பட்டாபிக்கு நாற்பது வருஷத்துப் பாரம் இறங்கி, காற்றில் மிதப்பது போல இருந்தது. தலைக்கு மேலே வேலாயுதனின் இடது கால். இவனுடைய கோலும் இன்றோடு சரி, பாவம். வலை ஆடி நிற்பதற்குள் விசில் என்று அந்தப் பெண் எத்தனை உற்சாகமாகச் சொன்னாள்!

பட்டாபியின் முதுகு நிமிர்ந்தது.

“ஒரு சந்தேகம் சார்.”

“கேளும்.”

“கோபுரக் கடிகாரத்தைப் பாத்துதானே ஆட்டத்தை ஓட்டினேள்? அதிலே அஞ்சு முப்பத்தெட்டு. அந்தக் கணக்குப்படி முடிய இன்னும் ஏழு நிமிஷம் பாக்கி. கோல் விழுந்தப்பவும் அதே அஞ்சு முப்பத்தெட்டுதான். அப்போ ஏன் சார் உடனே விசில் ஊதினேள்?”

ஜெயன் முதலில் தாளை நாலாக மடித்து, பர்ஸுக்குள் வைத்து, பர்ஸை உள்பைக்குள் தள்ளினார். வலப்பக்கம் பார்த்தார். இடப்பக்கம் பார்த்தார். இளநீர்க்காரர் தூரத்தில் இருந்தார். பிறகு முழுக்கைச் சட்டையின் இடது கையை மேலே சுருட்டினார். மணிக்கட்டில் பழைய ஸ்டீல் வாட்ச் ஒன்று.

“அன்னைக்குக் கட்டியிருந்தது இதுதான். மழையில நனைஞ்சுது, வெயில்ல காஞ்சுது. இந்நாள் வரைக்கும் ஒரு நிமிஷம் நின்னது கிடையாது.”

பட்டாபி குனிந்து அந்த வாட்சில் காதை வைத்துக் கேட்டார்.

“மேல கடிகாரம் நின்னு கிடக்கதைப் பாத்தேன். சாமி கொடுத்த சான்ஸுன்னு நெனச்சேன். எவனாவது ஒருத்தன், எந்தப் பக்கத்துக்காரனாவது ஒரு கோல் போட்டுத் தொலைங்கடான்னு மழையில நின்னேன். கொல்லத்துக்காரன் போட்டிருந்தாலும் அந்த செகண்டே ஊதியிருப்பேன். துட்டு வாங்கல்ல ஓய், அது சத்தியம். ஆட்டம் டிரா ஆனா மறுநாளு ரீப்ளே. அதே ரெஃபரி. பகல் பன்னிரண்டு மணிக்குள்ள இங்க வந்து கையெழுத்துப் போடணும்.”

“மறுநாள் என்ன சார்?”

“எனக்க கல்யாணம், நாகர்கோவில்ல. அங்கேருந்து இங்க பஸ்ஸுல ரெண்டு மணி நேரம். காலம்பற எட்டு மணி முகூர்த்தம்னா தாலியைக் கட்டிட்டு ஓடியாந்திருப்பேன். திங்கக்கிழமைல்லா? ஏழரைக்குத் தொடங்குற ராகுகாலம் கழிஞ்சு, பத்தேகாலுக்குத்தான் தாலி கட்டணும்னு ஒத்தக் காலுல நின்னாரு எனக்க மாமனாரு.”